காரில் கூடுதலாகப் பொருத்திய விளக்கு: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது?

பம்பரில் ஃபாக் விளக்கோ எல்இடி பாரோ தனியாக வாங்கிப் பொருத்தியவர் யாராவது "விளக்கு போய்விட்டது" என்று வந்தால், "கழற்றி நேராக பேட்டரியில் வைத்துப் பார்த்தீர்களா?" என்பதே என் முதல் கேள்வி. பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் புது விளக்கே வாங்கியிருப்பார்கள். இரண்டு மழை போனதும் அதுவும் அதே கதிக்கு வரும். நான் பிரித்துப் பார்த்தவற்றில் விளக்கே செத்துப்போனது குறைவு. வயர், எர்த் (வண்டியின் தகடு வழியாக மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை), இவை இரண்டுக்குள்ளும் புகுந்த தண்ணீர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி.

தேவையானவை அதிகமில்லை: ஒரு மல்டிமீட்டர், இரண்டு மீட்டர் வயர், இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்று. பல்பின் இரு முனைகளிலும் வயர் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் சொல்லாத உண்மைகளை அந்தப் பல்பு சொல்லும்.

ஸ்விட்சைப் போட்டாலும் எரியவில்லை

ஒருவர் ஸ்விட்சைப் போட, நீங்கள் ரிலேயின் மேல், அதாவது ஸ்விட்சின் சிறு மின்சாரத்தால் விளக்கின் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னப் பெட்டியின் மேல், விரலை வையுங்கள். 'டிக்' என்ற துடிப்பு தெரிகிறதா என்பதை வைத்துத்தான் அடுத்து எந்தப் பக்கம் போவது என்று முடிவாகும்.

துடிப்பு தெரிந்தால் ஸ்விட்ச் பக்கம் நலம். கோளாறு கனத்த மின்சாரம் போகும் பாதையில் இருக்கிறது. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது. ஸ்விட்ச் போட்டாலும் போடாவிட்டாலும் அங்கே 12 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரி அருகிலுள்ள ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸின் உள்கம்பி முழுதாக இருக்கிறது என்று மனநிறைவு அடைந்துவிட வேண்டாம். அதைப் பிடித்திருக்கும் கால்கள் பச்சை பூத்திருக்கலாம். ரிலே துடிக்கும்போது 87-இல் மின்சாரம் வந்தால் ரிலேயும் சரி. இனி விளக்கை நோக்கி நடக்க வேண்டியதுதான்.

துடிப்பே இல்லையென்றால் 86-க்கு ஸ்விட்சிலிருந்து மின்சாரம் வருகிறதா, 85-க்கு எர்த் இருக்கிறதா என்ற இரண்டே கேள்விகள். இரண்டும் இருந்தும் துடிக்காவிட்டால் ரிலேயை மாற்றுங்கள்.

புதிதாகப் பொருத்திய அன்றே எரியாத விளக்குக்கு வேறு காரணங்கள் உண்டு. ஹாலஜன் பல்புக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் எந்தப் பக்கம் வந்தாலும் கவலையில்லை. எல்இடி அப்படியல்ல, மாறிக் கொடுத்தால் எரியாது. மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். சில ரிலேக்களுக்குள் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) இருக்கும். அதில் 85, 86 வயர்களை மாற்றிக் கொடுத்தால் மின்சாரம் டயோடு வழியாக நேரே எர்த்துக்கு ஓடி, ஸ்விட்ச் போட்ட கணமே ஃபியூஸ் போகும். ஸ்விட்சை அணைத்தால் எரிகிறது, போட்டால் அணைகிறது என்ற வேடிக்கையும் உண்டு. ஐந்து கால் ரிலேயின் நடுக்காலான 87ஏ-வில் விளக்கு வயரைச் சொருகியிருப்பீர்கள்.

எரிகிறது, ஆனால் மங்கல்

மல்டிமீட்டர் மனிதரை ஏமாற்றும் இடம் இதுதான். ஒருமுறை, விளக்கின் கனெக்டரைக் கழற்றி அதன் வாயில் மீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட். பேட்டரியில் இருப்பது அப்படியே வந்துகொண்டிருந்தது. விளக்கை மாட்டினால் மட்டும் சாம்பிராணி நெருப்பு மாதிரி ஒரு வெளிச்சம். வயரை அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே போனேன். கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓரிடத்தில் மட்டும் வயர் மொறமொறவென்றது. பிளேடால் உறையைக் கீறினால் உள்ளே செம்பு இல்லை, பச்சைக் களிம்புப் பொடி. அதன் நடுவே ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தது. மீட்டர் இழுக்கும் துளி மின்சாரத்துக்கு அந்த ஓர் இழை போதும், விளக்குக்குப் போதாது.

அதனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். எஞ்சினை ஓட விடுங்கள், பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை விளக்கின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் விளக்கின் பாசிட்டிவுக்கும் நடுவே அளந்து, அரை வோல்ட்டுக்கு மேல் போனால் வரும் பாதையில் தடை.

அரை வோல்ட்தானே என்று விடக்கூடாது. ஹாலஜன் விளக்கில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். 55 வாட் பல்பு இரண்டு சேர்ந்து 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். நான்கு மீட்டர் நீளத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அதிலேயே 1.2 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்தான். விளக்கோடு பெட்டியில் வரும் வயர் பலவற்றில் உறை தடிமன், உள்ளே நூல். ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு, உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எர்த்துக்கு வருவோம். பெயின்ட் அடித்த தகட்டின் மேல் வளையத்தை வைத்து ஸ்க்ரூ முறுக்கினால், மின்சாரம் ஸ்க்ரூவின் மரை வழியாக மட்டும்தான் போகும். வளையம் உட்காரும் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முறுக்கி, அதன் பிறகு மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசுங்கள். சுரண்டியதை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் துரு உங்கள் எர்த்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் பம்பரில் ஏறிய விளக்கின் எர்த்தை அதே பிராக்கெட்டில் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் எங்கே எர்த் கொடுக்கும்?

ஒன்றைப் போட்டால் இன்னொன்று சேர்ந்து துடிக்கிறது

இண்டிகேட்டர் போட்டால் ஃபாக் விளக்கு லேசாகக் கண் சிமிட்டும். பிரேக் மிதித்தால் பக்க விளக்கு மினுக்கும். பேய் பிடித்ததுபோல் தோன்றும் இதற்குக் காரணம் ஒன்றுதான்: இரண்டும் ஒரே எர்த்தைப் பகிர்கின்றன, அந்த எர்த் விட்டுப்போயிருக்கிறது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியே சுற்றிக்கொண்டு எர்த்தைத் தேடுகிறது. கூடுதல் விளக்குக்குத் தனி எர்த் வயர் கொடுங்கள். இருக்கும் விளக்கின் எர்த்தில் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது

15 ஆம்பியர் போகிறதே என்று 30 ஆம்பியர் போடுவது, காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது. இங்கே கூடுதல் விபரீதம் என்னவென்றால், ஃபியூஸ் போகாமல் வயர் எரியும்.

மழையில்தான் போகிறது என்று பலர் சொல்வார்கள். வெறும் தண்ணீர் 15 ஆம்பியரைக் கடத்திவிடாது. உறை தேய்ந்த வயர் எங்கோ தகட்டின் விளிம்பில் சாய்ந்திருக்கும். மழைக்காலக் குழிகளில் வண்டி குதிக்கும்போது அது தொட்டுவிடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் போகிறது என்றால் சக்கரத்தின் உள்மறைப்புக்குப் பின்னால் பாருங்கள். தகட்டுத் துளை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இடம் தெரியாவிட்டால் அந்த 21 வாட் பல்பு இப்போது உதவும். விளக்குகளின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஃபியூஸை எடுத்துவிட்டு அதன் இரு கால்களிலும் பல்பின் வயர்களைச் சொருகி ஸ்விட்சைப் போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும்; அது இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் எதுவும் கருகாது. பிறகு வயரை ஒரு முனையிலிருந்து மெதுவாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் கை வைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஃபியூஸின் இடமும் முக்கியம். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் யாருமில்லை.

கண்ணாடிக்குள் பனி, பிறகு தண்ணீர்

குளிர்ந்த காலையில் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய பனி படிந்து, விளக்கைப் போட்டுச் சிறிது நேரத்தில் கலைந்தால் அதை விட்டுவிடுங்கள். எல்இடி விளக்கில் கண்ணாடி அவ்வளவு சூடாகாது என்பதால் கலைய நேரமாகும். சொட்டுகளாக வழிந்தாலோ, அடியில் குட்டை கட்டி நின்றாலோ அது கோளாறு.

இது வந்ததும் எல்லோரும் செய்வது, நானும் ஒருகாலத்தில் செய்தது, ஒரு டியூப் சிலிக்கானை எடுத்து விளக்கைச் சுற்றிலும் பூசி அடைப்பது. நான் அப்படி அடைத்த விளக்கு அடுத்த மழைக்குப் பிறகு கால் பங்கு தண்ணீரோடு, மீன் தொட்டி மாதிரி, சொட்டு ஒழுகாமல் நின்றது. தண்ணீர் உள்ளே போக வழியிருந்தது. வெளியே வரத்தான் வழியில்லை.

விளக்கு மூச்சு விடுகிறது. எரியும்போது உள்காற்று சூடேறி விரிந்து வெளியேறும். அணைந்தால் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். சூடாக எரியும் விளக்கு தேங்கிய நீரில் இறங்கினால் நொடியில் குளிர்ந்து, அருகில் எந்தச் சந்து இருந்தாலும் அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கிறதே என்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். அந்தச் சோதனையில் தண்ணீருக்கும் பொருளுக்கும் வெப்ப வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. நாம் முக்குவதோ கொதிக்கும் விளக்கை. இன்னொன்று: ஐபி67 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்று சொல்லவில்லை. அதற்கு ஐபி65, ஐபி66 என்று தனிச் சோதனைகள் இருக்கின்றன. சூடான உயரழுத்த நீருக்கு ஐபி69கே. கார் கழுவும் இடத்தில் பீச்சுக்குழாயை விளக்கின் ஓரத்தில் ஒரு கை தூரத்தில் பிடித்தால் ஐபி67 உங்களைக் காப்பாற்றாது.

ஆகவே மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில், சுவாசத் துளை. விளக்கின் பின்புறம் சிறு ரப்பர் மூடியாகவோ வட்டமான ஸ்டிக்கர் போன்ற சவ்வாகவோ இருக்கும். சவ்வு காற்றை விடும், தண்ணீரை விடாது. அதன் மேல் சேறோ சிலிக்கானோ படிந்திருந்தால் விளக்கு வேறு வழியாக மூச்சு வாங்கத் தொடங்கும். சாதாரண ஹாலஜன் ஃபாக் விளக்குகளில் சவ்வுக்குப் பதிலாக அடியில் ஒரு வடிகால் துளை மட்டும் இருக்கும். நிமிர்த்தி வைக்க வேண்டிய விளக்கைப் பம்பரிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டால் வடிகால் துளை மேலே வந்து மழைநீரை வரவேற்கும். இதை நான் பார்த்த அளவுக்கு நீங்களும் பார்த்தால் சிரிப்பு வரும்.

இரண்டாவது, வயர். இதைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. பல இழை வயரின் உறைக்குள் இழைகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அகல்விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அந்த இடைவெளி தண்ணீரை ஏற்றும்; குளிரும் விளக்கு மறுமுனையிலிருந்து உறிஞ்சவும் செய்யும். ஒரு மீட்டர் தள்ளி, இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சில் புகுந்த தண்ணீர் விளக்கின் வயிற்றில் வந்து சேரும். போகிற வழியில் செம்பைக் களிம்பாக்கிவிட்டுப் போகும். டெஸ்ட் லாம்பின் ஊசியால் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கமும் இதே வாசலைத்தான் திறக்கிறது. கூடியவரை கனெக்டரின் பின்புறமாகவே அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாகத்தான் கண்ணாடியின் ஓரம். அங்கே பூசுவதாக இருந்தால் காடி வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அது இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பையும் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள பிரதிபலிப்பானின் பூச்சையும் அரிக்கும். நியூட்ரல் வகை சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். அதையும் மேற்பாதியிலும் பக்கங்களிலும் பூசி, சுவாசத் துளையைத் தொடாமல் விடுங்கள்.

பூசுவதற்கு முன் விளக்கு உள்ளே காய்ந்திருக்க வேண்டும். கழற்றி, துளை கீழே பார்க்க, வெயிலில் ஒரு நாள் வையுங்கள். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்தும் காயவைக்கலாம். ஈரத்தோடு அடைத்தால் அந்த ஈரம் உங்கள் நிரந்தர விருந்தாளி.

இணைப்புகளை இனி எப்படிப் போடுவது

முறுக்கி டேப் சுற்றுவதை மறந்துவிடுங்கள். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி, பிசுபிசுத்து, கழன்று தொங்கும். செம்புக் குழாயில் இரு வயரையும் நுழைத்து, அதற்கான இடுக்கியால் நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து), மேலே உட்புறம் பசையுள்ள சுருங்கும் ஸ்லீவைப் போட்டுச் சூடாக்குங்கள். ஸ்லீவின் இரு வாயிலும் பசை ஒரு வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் இன்னும் அடைபடவில்லை என்று அர்த்தம். ஈயம் பற்றவைப்பது வீட்டுக் கருவிகளுக்குச் சரி. அதிரும் இடத்தில் ஈயம் ஏறிய வயர் விறைத்துப்போய், விறைப்பு முடியும் இடத்தில் ஒடியும்.

கனெக்டரின் வாய் மேலே பார்த்தால் அது கிண்ணம். கீழே பார்க்கவோ படுக்கவோ வையுங்கள். விளக்குக்குள் நுழைவதற்கு முன் வயர் ஒரு தொய்வு கொடுத்துக் கீழிறங்கி மேலேற வேண்டும்; வழிந்து வரும் நீர் அந்தத் தொய்வின் அடியிலேயே சொட்டிவிடும். எஞ்சின் பகுதியிலிருந்து வண்டிக்குள் வயர் நுழையும் இடத்திலும் இதே தொய்வு வேண்டும். இல்லையென்றால் ஓட்டுநரின் கால் பாய் நனையும். வயர் மேல் போடும் நெளிகுழாயின் கீறல் பக்கம் தரையைப் பார்க்கட்டும். ரப்பர் அடைப்புள்ள கனெக்டரில் வயர் போகாத துளை இருந்தால் அதற்கென உள்ள மூடியைச் சொருகுங்கள். ஒரு துளை திறந்திருந்தாலும் மற்ற ரப்பரெல்லாம் வீண்.

எல்இடி நடுங்குகிறது, டேஷ்போர்டு "பல்பு போய்விட்டது" என்கிறது

புதிய கார்கள் பல்புக்குத் தொடர்ச்சியாக மின்சாரம் விடாமல், நொடிக்குப் பலமுறை விட்டு விட்டு அனுப்புகின்றன. இழை பல்புக்கு அது தெரியாது, எல்இடிக்குத் தெரியும். கூடுதல் விளக்கின் ரிலேயை அந்த வயரிலிருந்து இயக்கினால் ரிலே தேனீ மாதிரி ரீங்காரம் போடும். இயக்கும் வயரை வேறு இடத்திலிருந்து எடுங்கள். வழியில்லையென்றால் துடிப்பைச் சமன்செய்யும் மாட்யூல் போடுங்கள்.

எச்சரிக்கை விளக்குக்குக் காரணம், எல்இடி இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் வண்டி பல்பே இல்லை என்று நினைப்பதுதான். இண்டிகேட்டர் வேகவேகமாகத் துடிப்பதும் இதனால்தான். 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் போட்டால் சரியாகும். ஆனால் 14 வோல்ட்டில் அது 30 வாட்டுக்கு மேல் வெப்பம் கக்கும், தொட்டால் தோல் உரியும். தகட்டில் முறுக்குங்கள், பிளாஸ்டிக்கிலோ வயர்க் கட்டின் மேலோ கட்டவே கூடாது.

விளக்கைப் போட்டதும் ரேடியோ கொரகொரத்தால் எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும், உள்ளிருக்கும் டிரைவர் சர்க்யூட்டின் இரைச்சல். விளக்கருகே வயரில் ஃபெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் கறுப்புக் காந்தப்பொருள் வளையம்) மாட்டி, இரு வயரையும் முறுக்கி ஓட்டிப் பாருங்கள். அடங்கவில்லையென்றால் விளக்கை மாற்றுவதுதான் வழி. இந்தக் கட்டுரையில் விளக்கை மாற்றச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

வண்டியைப் பூட்டி அரை மணி கழித்து, பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே தொடராக மீட்டரை (ஆம்பியர் அளவில்) வைத்து அளந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் வழக்கமானது. 150, 200 என்று காட்டி, ரிலேயைப் பிடுங்கியதும் இறங்கினால், விளக்கு எரியாவிட்டாலும் ரிலே மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கிறது: ஸ்விட்சுக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரத்தைக் கொடுக்காமல் பேட்டரியிலிருந்து நேரே கொடுத்து, அணைக்க மறந்திருக்கிறீர்கள். நாளுக்குக் கிட்டத்தட்ட ஐந்து ஆம்பியர் மணி வரை அதிலேயே போய்விடும்.

எதிரே வருபவர் வசை பாடுகிறார்

சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். ஃபாக் விளக்கின் ஒளிவெட்டு (வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் மேல்கோடு), விளக்கின் மையத்தைவிட 20 சென்டிமீட்டர் கீழே சுவரில் விழ வேண்டும். ஐ.நா. ஒழுங்குவிதி 48 பயணிகள் கார்களின் முன் ஃபாக் விளக்குகளைத் தரையிலிருந்து 250 முதல் 800 மில்லிமீட்டர் உயரத்துக்குள் வைக்கச் சொல்கிறது. உங்கள் நாட்டு விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூர ஒளி வீசும் பாரை ஹை பீமோடு மட்டும் எரியும்படி ரிலேயை இணையுங்கள். எதிரே வண்டி வந்து பீமை இறக்கினால் அதுவும் சேர்ந்து அணையும்.

பம்பரை மாட்டுவதற்கு முன்

விளக்கை 20 நிமிடம் எரியவிட்டுச் சூடாக்குங்கள். எரிந்துகொண்டிருக்கும்போதே பூவாளியால் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். அணைத்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் ஊற்றுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும் நேரம் அது. இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் கனெக்டரைப் பிரித்து, டிஷ்யூத் தாளை முறுக்கி அதன் வாய்க்குள் நுழைத்து எடுங்கள். தாள் காய்ந்து வந்தால் பம்பரை மாட்டலாம்.